கம்பி வைப்பதற்கு முன்னால்

"சயாமா, கம்பி எப்ப வைப்பாங்க?"

பர்மாவில் தட்டோன் பக்கத்துக் கிராமம் ஒன்றிலிருந்து வந்திருந்த ஒரு தாய், வார்டு வராந்தாவில் என் கையைப் பிடித்துக்கொண்டு கேட்ட கேள்வி இது. மகன் மோட்டார் சைக்கிளில் போனபோது லாரி இடித்துவிட்டது. இடது கால் முழங்காலுக்குக் கீழே உடைந்து, எலும்பு தோலைக் கிழித்துக்கொண்டு வெளியே எட்டிப் பார்த்தது. மூன்று நாளில் இரண்டு முறை ஆபரேஷன் தியேட்டருக்குள் கொண்டுபோனார்கள். இரண்டு முறையும் காலுக்கு வெளியே ஓர் இரும்புச் சட்டத்தோடும் பெரிய கட்டோடும்தான் திரும்பி வந்தான். "ரெண்டு தடவ மயக்கம் குடுத்துட்டாங்க, இன்னும் எலும்பச் சேக்கலியே!" என்று அந்த அம்மா புலம்பினார். டாக்டருக்குக் கை வரவில்லையோ, காசு கட்டவில்லை என்று நிறுத்தி வைத்திருக்கிறார்களோ என்று அவர் மனதில் ஓடியது முகத்திலேயே தெரிந்தது.

நான் பல வருடம் தியேட்டர் நர்ஸாக இருந்தவள், இங்கே நர்ஸைச் சயாமா என்றுதான் கூப்பிடுவார்கள். டாக்டர் பர்மியில் சொல்வதை நம் ஆட்களுக்குத் தமிழில் சொல்வது, சம்பளமில்லாத என் இரண்டாவது உத்தியோகம். அந்த அம்மாவுக்குச் சொன்னதைத்தான் இங்கே கொஞ்சம் விரித்து எழுதுகிறேன். எலும்பு காத்திருக்கும் அக்கா, சதைதான் காத்திருக்காது.

முதலில் உங்கள் காலையே தொட்டுப் பாருங்கள். முழங்காலுக்குக் கீழே முன்பக்கம் விரலை வைத்து அழுத்தினால் நேராக எலும்பு தட்டுப்படும். அதுதான் கால் முன்னெலும்பு, டாக்டர்கள் டிபியா என்பார்கள். பின்பக்கம் கெண்டைச் சதை கொழுகொழுவென்று இருக்கிறது. முன்பக்கமோ தோலுக்கும் எலும்புக்கும் நடுவில் சொல்லும்படி எதுவுமில்லை. கட்டில் காலில் இடித்துக்கொண்டால் உயிர் போவது அதனால்தான். தொடை எலும்பு உடைந்தால் அதைச் சுற்றிலும் தலையணை மாதிரி தசை இருக்கிறது. டிபியா உடைந்தால் அதன் கூர்முனைக்கும் ரோட்டு மண்ணுக்கும் நடுவில் மெல்லிய தோல் ஒன்றுதான். உடம்பின் நீண்ட எலும்புகளில் தோலைக் கிழித்துக்கொண்டு அதிகம் வெளியே வருவது இந்த எலும்புதான்.

இன்னொரு சங்கதி. எலும்பும் உயிருள்ள பொருள், அதற்கும் ரத்தம் வேண்டும். டிபியாவுக்கு உள்ளிருந்து ஒரு ரத்தக்குழாயும், வெளியே ஒட்டியிருக்கும் மெல்லிய உறையும், சுற்றியுள்ள தசையும் ரத்தம் கொடுக்கின்றன. பலமான அடியில் உள்குழாய் அறுந்துபோகும், உறை உரிந்துபோகும். மிச்சம் இருப்பது சதை மட்டும்தான். அந்தச் சதையும் செத்துவிட்டால் எவ்வளவு விலை உயர்ந்த கம்பி வைத்தும் எலும்பு கூடாது. செடி பட்டுப்போன பிறகு முட்டுக்கொடுத்து என்ன பயன்?

உடைந்த எலும்புக்கும் வெளி உலகுக்கும் வழி திறந்துவிட்டால் அது திறந்த முறிவு. எலும்பு கண்ணுக்குத் தெரிய வேண்டும் என்றில்லை. முறிந்த இடத்துக்கு மேல் பட்டாணி அளவு ஓட்டையிலிருந்து ரத்தம் கசிந்தாலும் அப்படித்தான் எடுத்துக்கொள்ள வேண்டும். குத்தி வெளியே வந்த எலும்பு மறுபடி உள்ளே போகும்போது, போட்டிருந்த லுங்கியின் நூலையும் ரோட்டுப் புழுதியையும் கூடவே இழுத்துக்கொண்டு போயிருக்கலாம்.

முன்காலத்தில் இப்படி உடைந்தால் பெரும்பாலும் காலை எடுத்துவிடுவார்கள். எடுக்காவிட்டால் சீழ் பிடித்து ஆளே போய்விடுவான். 1865 ஆகஸ்டில் கிளாஸ்கோ நகரில் ஜேம்ஸ் கிரீன்லீஸ் என்ற 11 வயதுப் பையனின் காலில் வண்டிச் சக்கரம் ஏறி, இதே டிபியா உடைந்து காயம் திறந்துகொண்டது. ஜோசப் லிஸ்டர் என்ற டாக்டர் காயத்தைக் கார்பாலிக் அமிலத்தில் நனைத்த துணியால் மூடினார். சீழ் பிடிக்கவில்லை, ஆறு வாரத்தில் எலும்பு கூடிவிட்டது. இன்று நாங்கள் கையுறை மாட்டி, கருவிகளை வேகவைத்து, துணியெல்லாம் கிருமி நீக்கி நிற்கும் தியேட்டருக்குத் தொடக்கம், ஒரு பையனின் உடைந்த முன்னங்கால்! தியேட்டரில் வேலை பார்த்தவளுக்கு இதில் ஒரு பெருமை உண்டு என்பதை மறைக்கவில்லை.

டாக்டர்கள் இந்தக் காயங்களை மூன்று தரமாகப் பிரிக்கிறார்கள். குஸ்டிலோ, ஆண்டர்சன் என்ற இருவர் 1976-ல் வகுத்த முறை. ஒரு சென்டிமீட்டருக்குள் இருக்கும் சுத்தமான காயம் முதல் தரம். அதைவிடப் பெரிது, ஆனால் சதை அதிகம் நசுங்கவில்லை என்றால் இரண்டாவது. பலமான அடியில் சதை நசுங்கி, எலும்பு நொறுங்கி, அழுக்கும் ஏறியிருந்தால் மூன்றாவது. இந்த மூன்றாவதற்குள் 1984-ல் மூன்று உட்பிரிவு சேர்த்தார்கள். கிழிந்திருந்தாலும் எலும்பை மூடச் சதை மிச்சமிருந்தால் ஏ. எலும்பு அம்மணமாக நின்று, வேறு இடத்திலிருந்து சதை கொண்டுவந்து மூட வேண்டியிருந்தால் பி. ரத்தக்குழாயே அறுந்து, அதைச் சேர்த்தால்தான் கால் பிழைக்கும் என்றால் சி. எலும்பு எத்தனை துண்டு என்பது பெரிய கணக்கில்லை, தரம் முடிவாவது சதையை வைத்துத்தான். சரியான தரம் தெரிவதும் தியேட்டரில் கழுவித் திறந்து பார்த்த பிறகுதான். அவசரப் பிரிவில் "ஒண்ணாம் நம்பர்" என்று எழுதி வந்த காயம், உள்ளே போனால் மூன்றாம் நம்பராக இருப்பதை எத்தனையோ தடவை பார்த்திருக்கிறேன்.

சரி, ரோட்டில் கிடக்கும்போது என்ன செய்வது? ரங்கூன் நகருக்குள் மோட்டார் சைக்கிள் ஓட்டத் தடை உண்டு. இங்கே மோல்மேன் பக்கம் அதில்லாமல் காரியம் நடக்காது, ஆகவே என்றைக்காவது உங்கள் கண் முன்னாலும் நடக்கும். ரத்தம் கொட்டினால் சுத்தமான துணியை வைத்து அழுத்துங்கள். கோணிக் கிடக்கும் காலுக்குப் பலகையோ மூங்கிலோ வைத்து அசையாமல் கட்டுங்கள். வெளியே நிற்கும் எலும்பைத் தள்ளி உள்ளே விடாதீர்கள். காப்பித்தூள், மஞ்சள்தூள், வெற்றிலைச் சாறு எதையும் காயத்தில் அப்பாதீர்கள். அப்பியதை ஒவ்வொரு துணுக்காகச் சுரண்டி எடுத்தவள் சொல்கிறேன். கட்டுவதற்கு முன் போனில் ஒரு படம் எடுத்து வைத்தால் மிக நல்லது. போகிற இடத்திலெல்லாம் ஆளாளுக்குக் கட்டைப் பிரித்துப் பார்க்கத் தேவையிருக்காது. நாட்டு எலும்பு வைத்தியரிடம் போகலாமா என்று கேட்பவர்களும் உண்டு. தோல் கிழியாத முறிவைப் பற்றி உங்களோடு சண்டை போட எனக்குத் தெம்பில்லை. தோல் கிழிந்திருந்தால் மட்டும் கையெடுத்துக் கும்பிடுகிறேன், போகாதீர்கள்.

ஆஸ்பத்திரியில் முதல் வேலை கத்தி இல்லை, ஊசி. கிருமியைக் கொல்லும் ஆன்டிபயாடிக் மருந்தை நரம்பு வழியாக எவ்வளவு சீக்கிரம் ஏற்றுகிறோமோ அவ்வளவு நல்லது. அடிபட்டு ஒரு மணி நேரத்துக்குள் என்பதுதான் குறி. இங்கிருந்து ரங்கூனுக்கு ஏறத்தாழ 300 கிலோமீட்டர். பெரிய ஆஸ்பத்திரிக்குத்தான் போகப்போகிறோமே என்று ஊசி போடாமல் வண்டியில் ஏற்றினால் அந்த நேரமெல்லாம் கிருமிக்குப் போட்ட விருந்து. சின்ன ஆஸ்பத்திரியிலேயே அந்த ஊசியையும் டெட்டனஸ் ஊசியையும் கேட்டு வாங்கிக்கொண்டு கிளம்புங்கள்.

இனி அந்த அம்மா "சும்மா கழுவினாங்க" என்று சொன்ன ஆபரேஷன். சும்மா இல்லை. எல்லாவற்றிலும் பெரிய ஆபரேஷன் அதுதான் என்பது என் கட்சி. கம்பி வைக்கும் டாக்டருக்குப் பேர் கிடைக்கும், கழுவும் டாக்டருக்குக் கிடைப்பதில்லை.

காயத்தை மேலும் கீழும் நீட்டித் திறக்கிறார்கள். அதைப் பார்த்தே உறவினர்கள் பதறுவார்கள், "இத்தனூண்டு காயத்த இவ்ளோ பெரிசாக்கிட்டாங்களே" என்று. திறந்தால்தான் உள்ளே ஒளிந்திருக்கும் மண் தெரியும். பிறகு தோல், கொழுப்பு, தசை, எலும்பு என்று அடுக்கடுக்காகப் பார்த்து, செத்ததை எல்லாம் வெட்டி எடுக்கிறார்கள். தசை உயிரோடு இருக்கிறதா என்று எப்படித் தெரியும்? நான்கு சோதனை. நிறம் சிவப்பா, கறுப்பா? தொட்டால் உறுதியா, கூழா? இடுக்கியால் கிள்ளினால் துடிக்கிறதா? வெட்டினால் ரத்தம் வருகிறதா? நான்கிலும் தோற்றால் அது சதை இல்லை, கிருமிக்குச் சோறு. எலும்புத் துண்டையும் அப்படித்தான் இழுத்துப் பார்ப்பார்கள். சதையோடு ஒட்டிக்கொண்டு வர மறுத்தால் உயிருண்டு. கையோடு வந்துவிட்டால், அது எவ்வளவு பெரிய துண்டானாலும் பெரும்பாலும் குப்பைக்குத்தான் போகும். "என் மகன் எலும்ப எடுத்துப் போட்டுட்டாங்க" என்று அழுத அப்பாவை எனக்குத் தெரியும். அந்தத் துண்டு உள்ளே கிடந்திருந்தால் வருடக்கணக்கில் சீழ் வடிந்திருக்கும் என்று அவருக்குப் புரியவைக்க அரை நாள் ஆனது.

அப்புறம் தண்ணீர். மோசமான காயத்துக்கு ஒன்பது லிட்டர் வரைக்கும் உப்புநீர், அதாவது சலைன், ஊற்றுவது வழக்கம். பாட்டில் பாட்டிலாகத் தொங்கவிட்டு ஊற்றுவோம், தரையெல்லாம் குளம். வேகமாகப் பீச்சியடித்தால் நல்லதா, சோப்பு கலந்தால் நல்லதா என்று ரொம்ப நாள் விவாதம் நடந்தது. இந்தியா உட்படப் பல நாடுகளில் 2,447 நோயாளிகளை வைத்துச் செய்த ஓர் ஆய்வு 2015-ல் வெளிவந்தது. பீச்சுகிற வேகத்தில் வித்தியாசமே இல்லை. சோப்பு சேர்த்தவர்களுக்கோ மறு ஆபரேஷன் கொஞ்சம் அதிகமாகத் தேவைப்பட்டது. வெறும் உப்புநீர் ஜெயித்தது. ஏழை நாட்டு ஆஸ்பத்திரிக்காரிக்கு இதைவிட நல்ல செய்தி வேண்டுமா?

"ஆறு மணி நேரத்துக்குள் கழுவ வேண்டும்" என்ற பழைய விதி ஒன்று உண்டு. நடுராத்திரியில் எங்களைத் தூக்கத்திலிருந்து எழுப்பிய விதி. அது வந்த கதை வேடிக்கையானது. 1898-ல் ஃபிரீட்ரிஷ் என்ற ஜெர்மன் டாக்டர் கினிப் பன்றிகளின் காயத்தில் தோட்டத்து மண்ணையும் மாடிப்படித் தூசியையும் தூவி, எத்தனை மணி நேரத்தில் கிருமி பரவுகிறது என்று பார்த்தார். அந்தக் கணக்கு நூறு வருடத்துக்கு மேல் மனிதர்கள் மேல் ஓடியது. இப்போது பிரிட்டனில் பின்பற்றும் முறையில், பலமான அடி என்றால் 12 மணி நேரத்துக்குள், மற்றவை 24 மணி நேரத்துக்குள், நல்ல வெளிச்சத்தில், அனுபவமுள்ள டாக்டர் கையால் கழுவலாம். ஆனால் கழனிச் சேறு, சாக்கடை, கடல் தண்ணீர் பட்ட காயத்துக்கு அந்தச் சலுகை இல்லை, உடனே உள்ளே போக வேண்டும். பெகுவிலும் தட்டோனிலும் நம் ஜனங்கள் பாதிப்பேர் எருமையும் நெல்லுமாக இருப்பவர்கள். மழைக்காலத்தில் வண்டியோடு வயலுக்குள் விழுந்தவனின் காயத்தைப் பற்றி நான் விளக்க வேண்டியதில்லை.

ஒரே தடவையில் எது செத்தது, எது பிழைக்கும் என்று முழுசாகத் தெரியாது. இன்றைக்குச் சிவப்பாக இருந்த தசை நாளை மறுநாள் கறுக்கும். அதனால்தான் 48 மணி நேரம் விட்டு மறுபடி பார்ப்பது. அந்த அம்மாவின் மகன் இரண்டாம் முறை உள்ளே போனது தவறு நடந்து அல்ல, திட்டப்படி. கண்ணிவெடியில் அடிபட்டவர்களுக்கு இது இன்னும் கட்டாயம், ஏனென்றால் வெடி மண்ணைச் சதைக்குள் மிகத் தூரம் ஏற்றிவிடும். அப்படிப்பட்ட காயத்தை முதல் நாளே தைத்து மூடுவது பெரிய தப்பு. திறந்தே வைத்து ஐந்தாறு நாள் கழித்துத்தான் மூடுவார்கள். 2023-ல் உலகத்திலேயே அதிகமாகக் கண்ணிவெடியில் அடிபட்டவர்கள் பதிவானது நம் நாட்டில் என்பதால் இதையும் சொல்ல வேண்டியிருக்கிறது.

இடையில் ஒரு எச்சரிக்கை. கெண்டைக்கால் தசைகள் இறுக்கமான உறைகளுக்குள் இருக்கின்றன. உள்ளே வீங்கினால் ரத்த ஓட்டமே நின்றுபோகும். "காயம்தான் திறந்திருக்கே, அழுத்தம் வெளியே போயிடும்" என்று நினைக்காதீர்கள், திறந்த முறிவிலும் இது வரும். மருந்துக்கும் அடங்காத வலி, கால் விரலை மெல்ல அசைத்தாலே அலறல் என்றால் விடியட்டும் என்று இருக்காமல் நர்ஸைக் கூப்பிடுங்கள். சில மணி நேரம்தான் கெடு. உறையைக் கீறி அழுத்தத்தை விடுவிப்பார்கள்.

இப்போது கம்பிக்கு வருவோம். அந்தப் பையன் காலில் வெளியே தெரிந்த சட்டம் எக்ஸ்டர்னல் ஃபிக்ஸேட்டர். உடைந்த இடத்துக்கு மேலேயும் கீழேயும் எலும்பில் திருகுகளை ஏற்றி, வெளியே ஒரு தண்டால் இணைத்துவிடுவார்கள். அரை மணி, ஒரு மணியில் முடியும் வேலை. காயத்துக்குள் அந்நியப் பொருள் எதுவும் இருக்காது, கட்டு மாற்றவும் வசதி. மாவுக்கட்டு போட்டால் உள்ளே என்ன நடக்கிறது என்றே தெரியாது.

நம் ஆட்கள் கம்பி என்பது நெயிலை. எலும்பின் நடுவே உள்ள குழாய்க்குள் முழங்கால் பக்கமிருந்து நீளமான உலோகத் தண்டைச் செலுத்தி, இரு முனையிலும் குறுக்கே திருகு போடுவது. ஒருமுறை புது டாக்டர் ஒருவர் தமிழ் தெரியும் என்ற உற்சாகத்தில் "நாளைக்கு உங்க பையனுக்கு ஆணி அடிப்போம்" என்று சொல்லிவிட்டார். அன்றைக்கு ராத்திரி அந்தக் குடும்பத்தைச் சமாதானப்படுத்தியது நான்தான். சரியாகக் கழுவி, சதையும் உயிரோடு இருந்து, சீக்கிரம் மூடவும் முடியும் என்றால் பெரும்பாலோருக்கு நெயில் நல்லது. கால் நேராக நிற்கும், சீக்கிரம் ஊன்றி நடக்கலாம். ஆனால் சாதாரண நெயிலின் குறுக்குத் திருகுகளுக்கு உடனுக்குடன் படம் காட்டும் எக்ஸ்ரே கருவி தியேட்டரில் வேண்டும். அது இல்லாத ஊர்களுக்காக, வியட்நாம் போரில் பணியாற்றிய லூயிஸ் ஸர்க்கிள் என்ற அமெரிக்க டாக்டர் 1999-ல் சைன் என்ற அமைப்பைத் தொடங்கினார். அவர்களுடைய நெயிலில் ஒரு அளவுச் சட்டத்தை மாட்டி, எக்ஸ்ரே இல்லாமலே துளையைக் கண்டுபிடிக்கலாம். நம் நாட்டிலும் சில ஆஸ்பத்திரிகளில் இது கிடைக்கிறது. போட்ட ஒவ்வொரு நெயிலுக்கும் எக்ஸ்ரே படம் அனுப்பிக் கணக்குக் காட்டினால் அடுத்தது இலவசமாக வரும்.

வெளிச்சட்டம் போட்டால் "ஏழைக்குப் போடுற மருந்து" என்று முகம் வாடுகிறவர்களுக்கு ஒரு செய்தி. தான்சானியாவில் தைத்து மூடக்கூடிய திறந்த டிபியா முறிவுகளில் நெயிலையும் வெளிச்சட்டத்தையும் ஒப்பிட்ட ஆய்வு 2020-ல் வந்தது. ஒரு வருடக் கணக்கில் மரணத்திலும் மறு ஆபரேஷனிலும் பெரிய வித்தியாசம் இல்லை. காலை நேராக வைப்பதில் நெயிலுக்குக் கொஞ்சம் மேல்கை, அவ்வளவுதான்.

மூடுவது அடுத்தது. எலும்பு காற்றில் காய்ந்துகொண்டே கிடந்தால் செத்துவிடும். அதன் மேல் வெறும் தோலை ஒட்டினாலும் பிடிக்காது. உயிருள்ள சதையைத் திருப்பி எடுத்து வைக்க வேண்டும், அதற்குப் பேர் ஃபிளாப். காலை மூன்று பங்காகப் பிரித்து நினைத்துக்கொள்ளுங்கள். மேல் பங்கில் ஓட்டை என்றால் கெண்டைச் சதையின் மேல்தசையில் ஒரு பாதியைச் சுழற்றி முன்னுக்குக் கொண்டுவரலாம். நடுப்பங்கு என்றால் அதற்கு அடியில் உள்ள தட்டைத் தசை. கீழ்ப்பங்குதான் கஷ்டம், அங்கே சுழற்றத் தசை கிடையாது. தொடையிலிருந்தோ முதுகிலிருந்தோ சதையை ரத்தக்குழாயோடு அறுத்து வந்து, நுண்ணோக்கி வைத்துக் குழாயோடு குழாய் தைக்க வேண்டும். அந்த வசதி இல்லாத இடத்தில் கெண்டைக்கால் பின்பக்கத் தோலைக் கீழ்நோக்கித் திருப்பும் முறை கைகொடுக்கும்.

எப்போது மூடுவது என்பதில் ஸ்லோவேனியாவின் மார்கோ கோடினா 532 நோயாளிகளின் கணக்கை 1986-ல் வெளியிட்டார். அடிபட்டு 72 மணி நேரத்துக்குள் ஃபிளாப் வைத்தவர்களில் சீழ் பிடித்தது 1.5 சதவீதம் பேருக்கு. அதைத் தாண்டி மூன்று மாதத்துக்குள் வைத்தவர்களில் 17.5 சதவீதம் பேருக்கு. எங்களால் மூன்று நாளில் முடிவதில்லை, ஒரு வாரத்துக்குள் என்று பல்லைக் கடித்துக்கொண்டு ஓடுவோம். அதனால்தான் "பக்கத்து வீட்டு மாமா வரட்டும், நல்ல நாள் பாத்துச் சொல்றோம்" என்று கையெழுத்தைத் தள்ளிப்போடும் குடும்பங்களிடம் எனக்குக் கோபம் வரும். எலும்பு விஷயத்தில் நல்ல நாள் பாருங்கள், ஃபிளாப் விஷயத்தில் வேண்டாம்.

கழுவும்போது எடுத்த எலும்பின் இடம் வெற்றிடமாக நின்றால்? சைபீரியாவின் குர்கான் நகரில் கவ்ரீல் இலிசரோவ் என்ற டாக்டர் கண்டுபிடித்த வளையச் சட்டம் அதற்குத்தான். நல்ல எலும்பை ஓரிடத்தில் மெல்ல வெட்டி, நாளுக்கு ஒரு மில்லிமீட்டர், அதுவும் நான்கு தவணையாக, நகர்த்திக்கொண்டே போனால் பின்னால் புது எலும்பு வளர்ந்துகொண்டே வரும். இத்தாலியின் மலையேற்ற வீரர் கார்லோ மௌரி கூடாத டிபியாவோடு பல வருடம் நொண்டிவிட்டு 1980-ல் அங்கே போய்க் குணமாகித் திரும்பினார். அதற்குப் பிறகுதான் மேற்கு நாடுகளே இந்த முறையைத் திரும்பிப் பார்த்தன. பலன் நிச்சயம் பெரிது, ஆனால் மாதக்கணக்கில் காலில் கூண்டோடு இருக்க வேண்டும். வீட்டில் ஒருவர் தினமும் திருகைத் திருப்ப வேண்டும். முதலில் பயந்த மனைவிமார்கள், அப்புறம் என்னைவிட நன்றாகத் திருப்பினார்கள்.

காலை எடுப்பது பற்றியும் பேசித்தான் ஆக வேண்டும். ரத்தக்குழாய் அறுந்து ஆறு மணி நேரத்துக்கு மேல் ரத்தமில்லாமல் கிடந்த கால், முழுக்க நசுங்கிய கால், இவற்றைக் காப்பாற்றப்போய் உயிரைக் கொடுக்கக் கூடாது. அமெரிக்காவில் மிக மோசமாகக் கால் அடிபட்ட 569 பேரைப் பின்தொடர்ந்த ஆய்வு ஒன்று 2002-ல் வந்தது. காலைக் காப்பாற்றியவர்களும் எடுத்தவர்களும் இரண்டு வருடம் கழித்துக் கிட்டத்தட்ட ஒரே நிலையில்தான் இருந்தார்கள். அதனால் டாக்டர் அந்தப் பேச்சை எடுத்தால் கைவிட்டுவிட்டார் என்று எண்ணாதீர்கள். கூடவே ஒன்று: செயற்கைக் கால் நன்றாகக் கிடைக்கும் ஊரின் கணக்கு அது. நம் ஊரில் எங்கே கிடைக்கும், தேய்ந்தால் யார் மாற்றித் தருவார்கள் என்று கையெழுத்துக்கு முன்னாலேயே கேளுங்கள்.

வீட்டுக்குப் போன பிறகு எலும்பு கூடுவதற்கு ஆறு மாதம், ஒன்பது மாதம், சிலருக்கு அதற்கு மேலும் ஆகும். சுருட்டும் சிகரெட்டும் எலும்பு கூடுவதைத் தள்ளிப்போடும். புகையிலை போட்ட குன்யா வெற்றிலையையும் அந்த மாதங்களில் துப்பிவிடுங்கள். "அது புகையில்லையே சயாமா" என்பார்கள், நிகோடின் அதிலும் இருக்கிறது. மீனும் முட்டையும் பருப்பும் தாராளமாகச் சாப்பிடலாம், காயத்துக்கு ஆகாது என்ற பத்தியமெல்லாம் வேண்டாம். சட்டத்தின் திருகு நுழையும் இடத்தைத் தினமும் சுத்தமாகத் துடையுங்கள். அங்கே சிவந்து சீழ் வந்தாலும், காய்ச்சல் அடித்தாலும், ஆறிய தழும்பு திடீரென்று வாய் திறந்தாலும், அடுத்த தேதிக்குக் காத்திருக்காமல் வந்துவிடுங்கள்.

அந்தத் தட்டோன் பையனுக்கு ஐந்தாம் நாள் வெளிச்சட்டத்தைக் கழற்றி நெயில் வைத்து, அதே மயக்கத்தில் அடித்தசையைத் திருப்பி மூடி, மேலே தொடைத் தோலை ஒட்டினார்கள். எட்டு மாதம் கழித்து ஒற்றைக் கம்போடு அம்மாவும் பிள்ளையுமாக வந்தார்கள். எக்ஸ்ரேயில் மூன்று பக்கம் எலும்பு கூடியிருந்தது. அம்மாவுக்கு இப்போது வேறு குறை. மூடிய இடம் முன்னங்காலில் ஒரு கை அகலத்துக்குப் புடைத்து நிற்கிறதாம், பேன்ட் போட்டால் தெரியவில்லை, லுங்கியைக் கொஞ்சம் தூக்கிக் கட்டினால் தெரிகிறதாம், பெண் வீட்டார் பார்த்தால் என்ன சொல்வார்கள் என்று கேட்டார்.

நான் பையனைப் பார்த்தேன். அவன் லுங்கியை இன்னும் கொஞ்சம் தூக்கிக் கட்டிக்கொண்டு, கம்பை ஊன்றி வராந்தாவில் நடந்து போய்க்கொண்டிருந்தான்.